மாயவன் மாமாவின் ஃபோனில் ஊதிய சங்கு

பரிமளா ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு செருப்பு காலில் இருந்தது. இன்னொன்று மீன் ஏலம் போடுகிற இடத்திலேயே மணலில் கிடந்தது. திரும்பிப் போய் எடுக்கத் தைரியம் இல்லை.

எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. சங்கு ஊதிவிட்டது. அந்தப் பெண் குரல் பேசிவிட்டது. ஊரில் பாதிப் பேர் கேட்டுவிட்டார்கள். மாயவன் மாமா இன்ஜின் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

பரிமளாவை யாரும் திட்டவில்லை. அவள் மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அதுதான் அவளை ஓட வைத்தது.

ஓடி வந்தவள் அம்மாவின் மீன் வறுவல் கடையில் வந்து நின்றாள். அம்மா விஜயகுமாரி வஞ்சிரத் துண்டுகளுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, நாய் கீய் தொரத்துதா?"

"இல்லம்மா."

"பின்ன இன்னாத்துக்கு இப்டி ஓடியாற? ஒரு செருப்பு எங்க?"

பரிமளா குனிந்து கல்லா மேசைக்கு அடியில் நுழைந்தாள். அங்கே பலகையில் ஒட்டிக்கொண்டிருந்தது அது. வெள்ளையாக, வட்டமாக, கையடக்கமாக. கம்பெனிக்காரர்கள் அதை 'பீக்கன்' என்பார்கள். அம்மா முதல் நாளே அதற்கு 'இட்லி' என்று பெயர் வைத்துவிட்டாள்.

"நீதான்," என்றாள் பரிமளா அதைப் பார்த்து. "நீதான் எல்லாத்தையும் பண்ணிட்ட."

இட்லி ஒன்றும் சொல்லவில்லை.

*

இரண்டு வாரத்துக்கு முன்னால், காலாண்டுப் பரீட்சைக்கு முன்பு, சிறுசேரியிலிருந்து ஸ்கூட்டரில் ஒரு அண்ணன் வந்தார். பெயர் அரவிந்தன். கழுத்தில் அடையாள அட்டை, முதுகில் பை, பை நிறைய இட்லிகள்.

மாமல்லபுரம் முழுக்க முப்பது கடைகளில் அவர் ஒட்டினார். சிற்பக் கடையில் ஒன்று, ஜூஸ் கடையில் ஒன்று, பஸ் ஸ்டாண்டு பக்கத்து மூக்குக் கண்ணாடிக் கடையில் ஒன்று, அம்மா கடையில் ஒன்று.

"ஃபோன்ல 'சங்கு'ன்னு ஒரு ஆப் போட்டுக்கணும்," என்றார். "இந்தக் கடைங்க பக்கம் போனா ஃபோன் சங்கு ஊதும். சலுகை வரும். பஜ்ஜிக்குப் பத்து ரூபா குறைவு, ஜூஸுக்கு அஞ்சு ரூபா குறைவு. அடிக்கடி போற கடைன்னா, நீங்க எங்க இருந்தாலும் ஞாபகப்படுத்தும். அவ்ளோதான்."

பிறகு பரிமளாவைப் பார்த்தார். "நீ எட்டாவதா? உங்க குப்பத்துல முப்பது ஃபோன்ல இதைப் போட்டுக் குடு. கோவளத்துல ஒரு மாசம் சர்ஃபிங் கிளாஸ். ஃப்ரீ."

பரிமளாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. அலை மேல் பலகையில் நிற்பவர்களைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கும்போதெல்லாம் அவள் கால் விரல்கள் தானாக மடங்கும். கடலோரத்தில் பிறந்தவளுக்கு அலை மேல் நிற்க ஒரு தடவைகூட வாய்ப்பு வந்ததில்லை.

வீடு வீடாகப் போனாள். "ஃபோனக் குடுங்க அத்தை, ரெண்டு நிமிஷம்." கொடுத்தார்கள். உலகநாதன் மகள், படிக்கிற பெண், கெடுதலா செய்யப்போகிறாள்?

ஒவ்வொரு ஃபோனிலும் அந்த ஆப் மூன்று கேள்வி கேட்டது. இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளலாமா? புளூடூத்தைப் பயன்படுத்தலாமா? எப்போதுமா, இல்லை ஆப் திறந்திருக்கும்போது மட்டுமா? பரிமளா படிக்கவில்லை. 'அனுமதி', 'அனுமதி', 'எப்போதும்'. டக், டக், டக்.

நான்காவதாக ஒன்று இருந்தது. 'செய்தியைச் சத்தமாகப் படித்துக் காட்டவா?' அதை மட்டும் நின்று படித்தாள். குப்பத்தில் படிக்கத் தெரியாதவர்கள் நிறைய பேர். பாவம், அவர்களுக்கும் சலுகை தெரியட்டும் என்று நினைத்தாள். எல்லா ஃபோனிலும் 'ஆம்'.

இருபத்தெட்டு ஃபோன் முடிந்தது. இன்னும் இரண்டுதான் பாக்கி.

முதல் வாரம் ஒரே சிரிப்பு. பூ விற்கிற முனியம்மா அக்காவின் ஃபோன் கோயில் வாசலில் 'பூம்ம்ம்' என்று ஊத, பூஜை ஆரம்பித்துவிட்டது என்று நான்கு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்புறம் அந்தப் பெண் குரல், "முனியம்மா, இன்று வெஜிடபிள் பஜ்ஜிக்குச் சலுகை," என்றது. கன்னத்தில் போட்டவர்களில் ஒருவர் பஜ்ஜிக் கடைக்கே போய்விட்டார்.

இன்று நடந்தது சிரிப்பு இல்லை.

*

படகு பதினொரு மணிக்குக் கரை ஏறியது. மாயவன் மாமாவின் படகு. அதில் பரிமளாவின் அப்பா உலகநாதனும் போகிறார், லோகு அண்ணனும் போகிறார். மூன்று பேர்.

கடலுக்குப் போகும்போது டச் ஃபோனை யாரும் கொண்டுபோக மாட்டார்கள். உப்புத் தண்ணி பட்டால் ஃபோன் காலி. படகுக்கு ஒரு பட்டன் ஃபோன், பாலிதீன் கவரில் முடிச்சுப் போட்டு. மற்ற ஃபோனெல்லாம் வீட்டில். படகு கரை ஏறியதும் பிள்ளைகள் டீயையும் ஃபோனையும் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். இந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்குக் காலாண்டு விடுமுறை; இன்றும் மாயவன் மாமாவின் மகன் ரமேஷ் அப்படித்தான் ஓடி வந்தான். ஐந்தாம் வகுப்பு படிக்கிறவன். டீ பாதி சிந்திவிட்டது, ஃபோன் பத்திரம்.

மாமா ஃபோனைச் சட்டைப் பையில் போட்டார். போட்டதும்தான் ஊதியது.

பூம்ம்ம்.

"வணக்கம் மாயவன். இந்த வாரம் மூன்று முறை எங்கள் கண்ணாடிக் கடைக்கு வந்தீர்கள். பார்வை மங்கலாக இருக்கிறதா? இனியும் தள்ளிப்போட வேண்டாம். கண் பரிசோதனை இலவசம்."

ஏலம் நின்றது. ஒரு காக்கா மட்டும் கத்தியது.

"அண்ணாத்த," என்றான் லோகு மெதுவாக. "கண்ணு தெர்லயா உனக்கு?"

"யோவ், நான் அந்தக் கடப் பக்கமே போவல."

"ஃபோனு பொய் சொல்லுமா? பேரச் சொல்லிக் கூப்புடுது. மூணு வாட்டிங்குது."

"அதுக்கு இன்னா தெரியும்?"

"போன வாரம் பனில மெதவையப் பாத்து எதுர்ல படகு வருதுன்னியே. அன்னைக்கே நெனச்சேன்."

மாயவன் மாமா இருபது வருடமாக இன்ஜின் பிடிக்கிறவர். இன்ஜின் பிடிக்கிறவர் கண்தான் படகின் கண். லைட் ஹவுஸ் எந்தப் பக்கம், பாறை எங்கே, எந்த அலை உடையும் என்று அவர்தான் பார்க்க வேண்டும். பார்க்கத் தவறினால் படகு கவிழும். அவர் கண்ணைச் சந்தேகப்படுவதும் அவரைப் படகிலிருந்து இறக்கிவிடுவதும் ஒன்றுதான்.

பரிமளாவின் அப்பா நல்ல மனதோடுதான் கேட்டார். "மாயவா, நாளைக்கு ஒரு நாள் நான் புடிக்கட்டா?"

மாமா அவரையே பார்த்தார். பிறகு கையிலிருந்த கயிற்றைப் போட்டார்.

"புடி. நீயே புடி."

அப்போதுதான் பரிமளா ஓட ஆரம்பித்தாள்.

*

"அம்மா, உன் ஃபோனக் குடு," என்றாள் மேசைக்கு அடியிலிருந்து.

அம்மா மசாலாக் கையோடு இடுப்பைக் காட்டினாள். பரிமளா ஃபோனை உருவிக்கொண்டு வெளியே நடந்தாள். எட்டு, ஒன்பது, பத்து அடி. இன்னும் கொஞ்ச தூரம் போய்க் காத்திருந்தாள். சத்தமில்லை. கடைக்குத் திரும்பினாள். பூம்ம்ம். "விஜயகுமாரி, சுடச்சுட மீன் வறுவல் உங்கள் அருகிலேயே."

"என் கடைக்கு என்னியே கூப்புடுது பாரு," என்றாள் அம்மா.

பரிமளா ஃபோனை அம்மா கையில் கொடுத்துவிட்டு, இட்லியைப் பெயர்த்துக் கையில் எடுத்துக்கொண்டு தூரமாகப் போனாள். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தாள். ஃபோன் இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனாலும் ஊதியது. அப்படியென்றால் இட்லி வருவதும் ஃபோன் வருவதும் ஒன்றுதான். யார் கையில் எது இருக்கிறது என்று எதற்கும் தெரியவில்லை.

அரவிந்தன் அண்ணனுக்கு ஃபோன் போட்டாள்.

"அண்ணா, அந்த இட்லிக்கு எங்க பேரெல்லாம் தெரியுமா?"

"எந்த இட்லி?" பிறகு அவருக்குப் புரிந்தது. சிரித்தார். "அதுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. 'நான் இங்க இருக்கேன், நான் இங்க இருக்கேன்'னு கத்திக்கிட்டே இருக்கும். அவ்ளோதான் அதுக்குத் தெரியும். கேக்கறது உங்க ஃபோன்ல இருக்கற ஆப். அதுதான் எங்களுக்குச் சொல்லும், இந்த ஃபோன் இந்தக் கடை வாசல்ல இத்தனை நிமிஷம் நின்னுச்சுன்னு."

"ஃபோன் நின்னுச்சுன்னா? ஆள் நின்னாருன்னு இல்லியா?"

"ஃபோன் இருந்தா ஆள் இருப்பாருல்ல?"

பரிமளாவுக்குள் ஏதோ ஒன்று தட்டியது. என்னவென்று பிடிபடவில்லை.

"எல்லாரும் 'அனுமதி' குடுத்திருக்காங்கம்மா," என்றார் அரவிந்தன். "குடுக்காம நாங்க எதையும் எடுக்கறதில்ல."

"அவங்க குடுக்கல அண்ணா," என்றாள் பரிமளா. "நான் குடுத்தேன்."

பிறகு அவர் சொன்னார்: "ஆப்ல 'என் வருகைகள்'னு ஒரு பக்கம் இருக்கு. எப்ப, எங்கன்னு அதுல இருக்கும். வேணும்னா பாரு."

*

மாயவன் மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். சொர்ணம் அத்தை குழம்புச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு, அதைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஃபோனக் குடேன். அந்தச் சங்க எடுத்துடறேன்."

"எடுத்துப் போய்க் கடல்ல போடு."

ஃபோன் டி.வி. மேல் இருந்தது. பரிமளா அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

கண்ணாடிக் கடை. செவ்வாய், காலை 9.42. பதினொரு நிமிடம்.

கண்ணாடிக் கடை. புதன், காலை 9.38. பதினான்கு நிமிடம்.

கண்ணாடிக் கடை. வியாழன், காலை 9.51. ஒன்பது நிமிடம்.

தட்டியது என்னவென்று இப்போது பிடிபட்டது. காலை ஒன்பதரைக்கு மாமா கடலில் இருப்பார். அவர் ஃபோன் கரையில் இருக்கும்.

"மாமா" என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள். கத்தவில்லை. வாசலில் ரமேஷ் நின்றிருந்தான். முகம் வெளுத்துப்போயிருந்தது. இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை, மெதுவாகத் தலையை ஆட்டினான். வேண்டாம்.

பரிமளா ஃபோனை இருந்த இடத்தில் வைத்தாள். "அத்தை, ரமேஷக் கொஞ்சம் கூட்டிப் போறேன். என் செருப்பத் தேடணும்."

*

வலைக் குவியலுக்குப் பின்னால் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"கேம் வெளயாடத்தான் ஃபோன எடுத்தேன்," என்றான் ரமேஷ். "சத்தத்த அமுக்கி டவுசர் பையில வெச்சிகினு போனேன், வந்து திருப்பி வெச்சிடுவேன். அது போய்ச் சொல்லும்னு எனக்கு எப்டித் தெரியும்?"

"கண்ணாடிக் கடைல இன்னாடா வேல உனக்கு?"

ரமேஷ் மணலைக் கிளறினான். "உள்ள செவுத்துல எழுத்து அட்ட கீதுல்ல? மேல பெருசா, கீழ போவப் போவச் சின்னதா. கண்ணாடிக் கதவு வழியா அத்தப் படிச்சிப் பாப்பேன்."

"படிக்க முடிஞ்சுதா?"

"மூணு வரி. சரி, நாளைக்குத் தெரியும்னு அடுத்த நாளும் போனேன். அப்பவும் மூணுதான்."

"ஸ்கூல்ல போர்டு?"

"பக்கத்துல பாத்து எழுதிக்குவேன். போன வாரம் அவன் தப்பா எழுதுனான், எனக்கும் தப்பாப் போச்சு."

"வூட்ல சொல்ல வேண்டியதுதானே?"

ரமேஷின் குரல் இறங்கியது. "கண்ணாடி போட்டா நைனா என்னிய எப்பவும் படகுல ஏத்த மாட்டாருக்கா. கண்ணாடி போட்டவன் எவனாச்சும் இன்ஜின் புடிக்கிறானா, சொல்லு."

பரிமளா யோசித்துப் பார்த்தாள். யாரும் நினைவுக்கு வரவில்லை.

"நீ சொல்லிடுவியா?"

சொல்வது ரொம்பச் சுலபம். இப்படியே ஓடிப்போய் இரண்டே வார்த்தை. 'ரமேஷ்தான் போனான்.' மாமா தப்பித்துவிடுவார். அவளும் தப்பித்துவிடுவாள். ஆனால் ரமேஷ் தன் வாயால் சொல்லாத ஒன்றை, ஊருக்கு நடுவே அவள் சத்தமாகப் படித்துக் காட்டினால், அவளுக்கும் அந்தச் சங்குக்கும் என்ன வித்தியாசம்?

"உன் பேரச் சொல்ல மாட்டேன்," என்றாள். "ஆனா உங்க நைனா நாளைக்குக் கடலுக்குப் போவணும். அதுக்கு இன்னா வேணுமோ அத்த மட்டும் சொல்லுவேன்."

*

சாயங்காலம் ஆண்கள் கரையில் உட்கார்ந்து வலையில் சிக்கிய குப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பரிமளா மாயவன் மாமாவை எப்படியோ கெஞ்சிக் கூட்டிவந்திருந்தாள். அவர் தள்ளி நின்றார். கையில் அவருடைய ஃபோனோடு பரிமளா நடுவில் போய் நின்றாள்.

"லோகுண்ணா, செவ்வாக்கெழம காலைல ஒம்போது நாப்பத்திரெண்டுக்கு எங்க இருந்த?"

"போலீஸா நீ?"

"சொல்லுண்ணா."

"செவ்வாயி... கடல்லதான். நெத்திலி வலை. நல்ல மீன்பாடு அன்னைக்கு."

"மாமா எங்க இருந்தாரு?"

"இன்ஜின்ல. வேற எங்க இருப்பாரு?"

"புதன்கெழம? வியாழக்கெழம?"

"அப்பவும்தான். கடல்ல. இதெல்லாம் இன்னாத்துக்குக் கேக்குற?"

"அந்த நேரத்துக்குத்தான் மாமா கண்ணாடிக் கடைல நின்னாருன்னு இதுல போட்டுகீது," என்றாள் பரிமளா. "அப்ப மாமாவோட ஃபோன் எங்க இருந்துச்சு?"

லோகு பரிமளாவின் அப்பாவைப் பார்த்தான். அப்பா மாயவன் மாமாவைப் பார்த்தார்.

"வூட்ல," என்றான் லோகு. தலையைச் சொறிந்தான். "அட, ஆமால்ல. ஃபோனு வூட்லதானே கெடந்துச்சு."

"இருபது வருஷமா கூட வர ஆளு சொன்னத நம்பல," என்றார் அப்பா, யாரிடம் என்றில்லாமல். "ரெண்டு வாரத்துச் சங்கு சொன்னத நம்பிட்டோம்." தரையைப் பார்த்தபடியே, "மாயவா, மன்னிச்சுக்கப்பா," என்றார்.

தள்ளி நின்ற மாமா இரண்டு அடி கிட்டே வந்தார்.

லோகுவால் சும்மா இருக்க முடியுமா? "அப்ப கடைக்கு யாரு போனது? ஃபோனு தானா நடந்து போச்சா?"

"யாருன்னு தெரியும். சொல்ல மாட்டேன்."

"சொல்லேன்டி," என்றார் அப்பா.

"இல்லப்பா." எல்லாரையும் பார்த்துத் திரும்பினாள். "இருபத்தெட்டு ஃபோன்ல 'அனுமதி'ய நான்தான் அமுக்குனேன். எப்பவும் கவனிச்சுக்கோன்னும் நான்தான் போட்டேன். ஊருக்கே கேக்கற மாதிரி படின்னும் நான்தான் போட்டேன். உங்க யாரையும் ஒரு வார்த்த கேக்கல. சர்ஃபிங் கிளாஸ் கெடைக்கும்னு பண்ணேன். மாமா தல குனிஞ்சாரே, அதுக்கு நான்தான் காரணம். இனிமே கேக்காம யாரப் பத்தியும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அலை வந்து போனது. இன்னொன்று வந்தது.

"நான்தான்," என்றது ஒரு சின்னக் குரல், படகுக்குப் பின்னாலிருந்து.

ரமேஷ் வெளியே வந்தான். அவன் கையில் பரிமளாவின் காணாமல்போன செருப்பு இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத்தான் கண்ணு தெர்ல, நைனா. நான்தான் ஃபோன எடுத்துகினு போனேன், அந்தக் கடைல இருக்கற எழுத்து அட்டயப் படிச்சிப் பாக்க."

மாயவன் மாமா அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குந்தி உட்கார்ந்தார், அவன் உயரத்துக்கு.

"எத்தினி வரி தெரிஞ்சுது?"

"மூணு."

"நாலாவது?"

"எறும்பு மாதிரி ஓடுது."

"கண்ணாடி போட்டுக்கோ, எறும்பெல்லாம் நிக்கும்."

"போட்டா படகுல ஏத்துவியா?"

மாமா தாடையைத் தடவினார். "கண்ணாடி போடாம ஏறுனாத்தான்டா எனக்கு பேஜாரு. பாறைய படகுன்னு சொல்லுவ."

"அண்ணாத்த மெதவைய படகுன்னு சொன்னாப்புல," என்றான் லோகு.

"அன்னைக்குப் பனிடா. ஒனக்கு இன்னா தெரிஞ்சுதாம்? நாளைக்கு நீயும் வா. யாருக்கு எத்தினி வரின்னு பாத்துடலாம்."

மறுநாள் சாயங்காலம் மூன்று பேரும் போனார்கள். மாயவன் மாமா தூரத்தில் இருந்த கடைசி வரி வரை மளமளவென்று படித்தார். ரமேஷுக்கு மூன்று வரிதான். அடுத்து லோகுவை ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். அவனுக்கும் மூன்று வரிதான். குப்பமே ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரித்தது.

*

பரிமளாவுக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. மறுபடியும் வீடு வீடாகப் போனாள். இந்தத் தடவை இரண்டு நிமிடம் போதவில்லை. நீங்கள் எந்தக் கடை வாசலில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று இது யாருக்கோ சொல்லும், இருக்கட்டுமா, எடுத்துவிடட்டுமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள்.

"எவனுக்கோ நான் எங்க நிக்கிறேன்னு எதுக்குத் தெரியணும்? எடு," என்றாள் சொர்ணம் அத்தை. "எங்க வூட்டு ஆளுக்கே நான் சொல்றதில்ல."

முனியம்மா அக்கா யோசித்தாள். "எனக்கு இருக்கட்டும்டி. பஜ்ஜிக்குப் பத்து ரூபா குறையுது. அந்தக் கத்தறத மட்டும் நிறுத்திடு." அதை மட்டும் நிறுத்தினாள். அது அக்காவின் விருப்பம்.

இருபத்தைந்து ஃபோனில் சங்கு போனது. மூன்றில் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அரவிந்தன் அண்ணன் வந்தார். அம்மா இட்லியைக் கழுவித் துடைத்து ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். "இத்த வேற கடைல ஒட்டப் பாருப்பா. எங்க மீனுக்கு வாசனையே போதும், ஆளு தானா வரும்."

அவர் பரிமளாவிடம், "ரெண்டே ஃபோன்தாம்மா பாக்கி இருந்துச்சு," என்றார், உண்மையான வருத்தத்தோடு.

பரிமளாவின் கால் விரல்கள் மடங்கின. அவளுக்கும் வருத்தம்தான். வேறு ஒன்று கேட்டாள்.

"அண்ணா, உங்க ஃபோன்ல சங்கு இருக்கா?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "டெஸ்ட் பண்றப்ப போடுவேன்."

"அப்புறம்?"

"எடுத்துடுவேன்." சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது போலிருந்தது.

"நாங்க எடுத்துட்டோம். ஆனா ரெண்டு வாரமா அது உங்களுக்குச் சொன்னதெல்லாம் இருக்கும்ல? அதையும் அழிச்சிடச் சொல்லுங்கண்ணா."

"எழுதிக் கேக்கறேன்," என்றார். "ஆனா அது எத்தனை பேர்கிட்ட போயிருக்குன்னு எனக்கே தெரியாதும்மா." அவர் பொய் சொல்லவில்லை. இருபத்தைந்து பேரின் பெயரையும் பரிமளா நோட்டுத் தாளில் எழுதித் தந்தாள். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

*

ஞாயிற்றுக்கிழமை படகு தொழிலுக்குப் போகவில்லை. காலையில் கடல் தட்டு மாதிரி இருந்தது. மாயவன் மாமா ரமேஷையும் பரிமளாவையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போனார். அலையைத் தாண்டும்போது பரிமளா எழுந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முட்டி மடக்கி நின்றாள். பலகை இல்லை, படகுதான். ஆனாலும் காலுக்குக் கீழே அலை இருந்தது.

ரமேஷின் புதுக் கண்ணாடியை மாமா வலை நூலால் பின்னந்தலையில் கட்டிவிட்டிருந்தார், விழாமல் இருக்க.

"லைட் ஹவுஸ் தெரியுதா?"

"தெரியுது. மேல ஒருத்தர் நிக்கிறாரு. சேப்புச் சட்ட."

மாமா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "சேப்பா?"

"சேப்புதான், நைனா."

மாமா இன்ஜின் கைப்பிடி மேல் ரமேஷின் கையை எடுத்து வைத்து, அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

கொஞ்ச தூரம் போனதும் ரமேஷ் திரும்பிக் கரையைப் பார்த்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் வரை எல்லாம் தெளிவாகத் தெரிந்தது போல.

"அக்கா," என்றான். "நம்ம ஃபோன்ல அழிச்சிட்டோம். ஆனா அவங்க கம்ப்யூட்டர்ல எங்கியாச்சும் எங்க நைனா இன்னும் அந்தக் கண்ணாடிக் கட வாசல்லயே நின்னுகினு இருப்பாரா?"